சீயக்காயா, கைசோப்பா, கடைச் சோப்பா? கொடைக்கானல் குளிரில் போட்ட கணக்கு

எங்கள் வீட்டில் தேங்காய் எண்ணெய் பாட்டிலின் கழுத்தை அறுத்துத்தான் வைத்திருப்போம். கொடைக்கானல்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 24 டிகிரிக்குக் கீழே போனால் தேங்காய் எண்ணெய் கட்டிவிடும். நாயுடுபுரத்தில் சித்திரை மாதத்து மத்தியானத்தில்கூட அந்தச் சூடு வருவது அபூர்வம். பாட்டிலைக் கவிழ்த்து, தட்டி, அடுப்போரம் வைத்துப் பார்த்து, கடைசியில் கத்தியை எடுப்போம். ஸ்பூனால் சுரண்டி உள்ளங்கையில் தேய்த்தால் வெண்ணெய் மாதிரி உருகும்.

போன வருஷம் மதுரையில் படிக்கிற என் மகள் லீவுக்கு வந்தபோது ஒரு கண்ணாடி டப்பா கொண்டுவந்தாள். ஆர்கானிக் பாடி பட்டர், 450 ரூபாய். மூடியைத் திறந்தேன். உள்ளே வெள்ளையாகக் கட்டியிருந்தது. பின்பக்கம் பொருட்பட்டியலைப் படித்தால் ஒரே ஒரு வரி: தேங்காய் எண்ணெய். அத்தை எட்டிப் பார்த்துவிட்டு, "இதுக்கா இவ்வளவு காசு? நம்ம பாட்டில்ல சுரண்டிக் குடுத்திருப்பேனே" என்றார்.

ஆனால் மகள் ஆரம்பித்த பேச்சு அதோடு முடியவில்லை. "அம்மா, இனிமே வீட்ல கெமிக்கல் இல்லாத பொருள்தான்" என்று பிடிவாதம். வீட்டில் நாலு பேர். மாடியில் சுற்றுலா வருகிறவர்களுக்கு விடுகிற ரெண்டு அறை வேறு. சோப்பு, ஷாம்பு, கிரீம், பற்பசை என்று மாதம் ஒரு தொகை போகிறது. மாறுவதா, பாதி மாறுவதா, இருக்கிறபடியே விடுவதா என்று ஒரு வருஷம் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தோம். கீழே இருப்பது அந்தக் கணக்கு. மதுரையிலோ சென்னையிலோ இருக்கிறவர்களுக்கு இதே விடை வராது. காரணம், மலையில் தண்ணீர் வேறு, குளிர் வேறு, ஈரம் வேறு.

சோப்பு: முதலில் தண்ணீரைப் பாருங்கள்

கீழே வத்தலக்குண்டில் என் நாத்தனார் வீட்டில் போர் தண்ணீர். சோப்பை எவ்வளவு தேய்த்தாலும் நுரை வராது, பக்கெட் ஓரத்தில் வெள்ளையாகப் படியும். தண்ணீரில் இருக்கிற கால்சியமும் மக்னீசியமும் சோப்போடு சேர்ந்து அந்தப் படிவாக மாறிவிடுகின்றன. இங்கே மலையில் வருவது மழைத் தண்ணீரும் ஓடைத் தண்ணீரும். கரைந்த உப்பு குறைவு. சோப்பைத் தொட்டாலே நுரைக்கும். எவ்வளவு ஊற்றினாலும் வழுவழுப்பு போகாத மாதிரி இருக்கும். மாடியில் தங்குகிறவர்கள் "சோப்பு போகவே மாட்டேங்குதுக்கா" என்று சொல்லிக்கொண்டு வெந்நீரை ஊற்றிக்கொண்டே இருப்பார்கள். கெய்சர் காலியாகும், தோலும் காய்ந்துபோகும். அந்த வழுவழுப்பு மென்மையான தண்ணீரின் குணம். இங்கே சோப்பு பாதி போதும். எந்தச் சோப்பாக இருந்தாலும் முதல் சேமிப்பு இதுதான், அதற்கு எதையும் மாற்ற வேண்டியதில்லை.

இனி கடைச் சோப்பு. உறையில் பொடி எழுத்தில் டி.எஃப்.எம். என்று ஒரு எண் இருக்கும். அந்தக் கட்டியில் சோப்புக்கொழுப்பு எத்தனை சதவீதம் என்பது அது. 76க்கு மேல் இருந்தால் டாய்லெட் சோப்பில் கிரேடு 1, 70க்கு மேல் கிரேடு 2, 60க்கு மேல் கிரேடு 3. பாத்திங் பார் என்று எழுதியிருந்தால் அது வேறு வகை, 40 இருந்தாலே போதும். விளம்பரத்தில் வேப்பிலையும் துளசியும் பறக்கிற சில கட்டிகளைத் திருப்பிப் பார்த்தால் பாத்திங் பார் என்றுதான் இருக்கும். மூலிகைப் படத்தைவிட இந்த ஒரு எண் உபயோகமானது.

அடுத்தது கைசோப்பு, அதாவது கையால் செய்கிற சோப்பு. ஏரியைச் சுற்றியுள்ள கடைகளில் ஓலைப்பெட்டியில் அடுக்கி விற்கிறார்களே, அது. 'கெமிக்கல் இல்லாத சோப்பு' என்று எழுதி வைத்திருப்பார்கள். காஸ்டிக் சோடா சேராமல் கட்டிச் சோப்பு என்று ஒன்று உலகத்தில் கிடையாது. எண்ணெயும் காஸ்டிக் சோடாவும் சேர்ந்துதான் சோப்பும் கிளிசரினும் உண்டாகின்றன. அளவு சரியாக இருந்து, நாலைந்து வாரம் ஆறவைத்தால் காஸ்டிக் மிச்சமிருக்காது. கைசோப்பின் நிஜமான நன்மை வேறு இடத்தில் இருக்கிறது. பெரிய ஆலைகளில் கிளிசரினைப் பெரும்பாலும் பிரித்தெடுத்து விடுவார்கள். கைசோப்பில் அது உள்ளேயே தங்கும். கொஞ்சம் எண்ணெயையும் கூடுதலாக விட்டுச் செய்வார்கள். மார்கழிக் குளிரில் முழங்கால் தோல் மீன் செதில் மாதிரி ஆகிறவர்களுக்கு இந்த வித்தியாசம் தெரியும். எங்கள் அத்தைக்குத் தெரிந்தது.

ஆனால் அதே கிளிசரின்தான் மலையில் வில்லன். காற்றிலிருக்கிற ஈரத்தை இழுக்கும். ஐப்பசி மழையில் சோப்பு தானாக வியர்த்து, டப்பாவில் கூழாக நின்றது. 160 ரூபாய் கொடுத்த 100 கிராம் கட்டி ரெண்டு வாரம்கூட வரவில்லை. பிறகு ஒரு வழி கண்டுபிடித்தோம்: நூலால் நாலு துண்டாக அறுத்து, ஒன்றை மட்டும் வெளியே வைத்து, மற்றதைத் துணி அலமாரியில் போட்டுவிடுவது. துண்டை வைக்க டப்பா கூடாது, பீர்க்கங்கூடுதான் சரி, தண்ணீர் வடிந்துவிடும். இப்போது ஐந்து வாரம் வருகிறது. அலமாரியும் மணக்கிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கடைச் சோப்போ கைசோப்போ, சோப்பு என்றாலே காரத்தன்மை, காரத்தையும் அமிலத்தையும் காட்டுகிற பி.எச். எண் 9, 10 இருக்கும். நம் தோல் 5 பக்கம் இருப்பது. கரப்பான், அரிப்பு என்று ஏற்கனவே அவதிப்படுகிறவர்களுக்கு இரண்டுமே சரிவராது. சோப்புக்குப் பதில் வேறு நுரைப்பொருளில் செய்து, தோல் மருத்துவர்கள் எழுதிக் கொடுக்கிற சோப்பில்லாக் கட்டிதான் அவர்களுக்கு மென்மை. அது முழுக்க ஆலைச் சரக்கு, இயற்கை என்று யாரும் சொல்ல மாட்டார்கள். என் கணவருக்கு அதுதான் ஒத்துப்போனது, மகள் முகத்தைச் சுளித்தாலும்.

பாசிப்பயறு மாவு? குழந்தைகளுக்கும் முகத்துக்கும் அருமை. நாலு பேர் தினமும் உடம்புக்குத் தேய்த்தால் சாக்கடை அடைக்கும். எங்களுக்கு ரெண்டே மாதத்தில் அடைத்தது.

தலைக்கு: மாற்றத்துக்கு உகந்தது இதுதான்

மாறுவது என்று முடிவெடுத்தால் தலையிலிருந்து தொடங்குங்கள் என்பேன். சீயக்காய் கொஞ்சம் புளிப்புத்தன்மை உள்ளது, அதிலிருக்கிற சப்போனின் என்ற இயற்கை நுரைப்பொருள் எண்ணெயை அளவாக எடுக்கும். வெள்ளிக்கிழமை நல்லெண்ணெய் வைத்துக் குளிக்கிற வழக்கம் உள்ள வீட்டில் ஷாம்பு ரெண்டு தடவை போட வேண்டியதை இது ஒரே தடவையில் முடிக்கும். குளிர் ஊரில் நல்லெண்ணெய்க்கு ஒரு சௌகரியம், அது கட்டாது.

அரப்பையும் யோசித்தோம். உசிலம்பட்டிக்குப் பெயர் தந்த உசிலை மரத்தின் இலைப்பொடிதான் அரப்பு. அத்தை ஒரே பேச்சில் தள்ளிவிட்டார்: "மதுரை வெயிலுக்கு அது சரிம்மா. இங்க தேச்சா சாயங்காலமே மூக்கு ஒழுகும்." மருத்துவம் இதை ஒப்புக்கொள்ளுமா என்பது வேறு விஷயம். எங்கள் வீட்டில் அத்தை பேச்சுதான் செல்லும்.

சீயக்காயின் கஷ்டம் அரைப்பதற்கு முன்னால் இருக்கிறது. பழனி மலையின் கீழ்ச்சரிவுக் காடுகளில் பளியர் பழங்குடியினர் தேன், கடுக்காயோடு சீயக்காயும் சேகரித்து விற்கிறார்கள். காய் நமக்குப் பக்கத்திலேயே கிடைக்கிறது, காயவைக்க வெயில் மட்டும் இல்லை. முதல் தடவை ஐப்பசியில் வாங்கி, மொட்டை மாடியில் விரித்து, மேகம் இறங்க இறங்க அள்ளிக்கொண்டு ஓடி, பத்து நாள் படாதபாடு பட்டேன். மேலே காய்ந்த மாதிரி இருந்தது, உள்ளே ஈரம். அப்படியே அரைத்து டப்பாவில் போட்டேன். மூன்றாவது வாரம் திறந்தால் பொடி கட்டிகட்டியாகச் சேர்ந்து, சாம்பல் நிறத்தில் பூஞ்சை பூத்து, ஈரக் கோணிச் சாக்கு வாடை. ஒன்றரைக் கிலோவையும் குப்பைக்குழியில் கொட்டினேன்.

இப்போது மாசி, பங்குனியில் மூட்டையாக வத்தலக்குண்டுக்கு அனுப்பிவிடுகிறேன். நாத்தனார் மொட்டை மாடியில் மூன்று நாள், காய் கையில் படபடவென்று ஒடிகிற வரை. ஒரு கிலோ காய்க்குக் கால் கிலோ பச்சைப்பயறு, நூறு கிராம் வெந்தயம், பூலாங்கிழங்கு ஒரு கைப்பிடி, காய்ந்த செம்பருத்தி இலை, எலுமிச்சைத் தோல். மிளகாய் அரைக்கிற மெஷினில் கொடுக்காதீர்கள், சீயக்காய்க்கென்று தனி மெஷின் வைத்திருக்கிற மில்லாகப் பார்த்துக் கொடுங்கள். அரைத்த சூடு ஆறிய பிறகுதான் டப்பாவில் அடைக்க வேண்டும். தலைக்கு 25 கிராம் வைத்தால் ஒன்றரைக் கிலோ எனக்கும் அத்தைக்கும் வாரம் ஒன்றாக ஏழு மாதம் வருகிறது.

வேலைக்கு ஓடுகிறவர்கள் என்ன செய்வது? 'சீயக்காய் ஷாம்பு' வாங்கலாம்தான், ஆனால் என்ன வாங்குகிறோம் என்று தெரிந்து வாங்குங்கள். பொருட்பட்டியலில் தண்ணீருக்கு அடுத்து சோடியம் லாரத் சல்ஃபேட் இருந்தால் அழுக்கை எடுப்பது அதுதான், சீயக்காய் பெயருக்கு. 'தேங்காயிலிருந்து எடுத்தது' என்று போட்டிருப்பார்கள், அதில் பொய் இல்லை. அந்த சல்ஃபேட்டையே பெரும்பாலும் தேங்காய் எண்ணெயிலிருந்தோ பாமாயில் பனையின் கொட்டை எண்ணெயிலிருந்தோதான் செய்கிறார்கள். அதில் எனக்குப் பெரிய குற்றமும் தெரியவில்லை. சாதா ஷாம்பு விலைக்கு விற்றால் வாங்குவேன், மூன்று மடங்குக்கு மாட்டேன்.

சாஷே விஷயத்தில் மட்டும் நான் கறார். கடலூரில் பிறந்து நாடெங்கும் பரவிய அந்தச் சின்னப் பை ஏழை வீட்டுக்கும் ஷாம்புவைக் கொண்டுபோனது, மறுக்கவில்லை. ஆனால் குப்பை லாரி வராத மேல்மலைக் கிராமத்து ஓடைகளில் அது கிடக்கிற கிடையைப் பார்த்தவர்கள் வாங்க மாட்டார்கள். மாடி அறைகளில் இப்போது அமுக்கு மூடி போட்ட பெரிய பாட்டில்தான், ஐந்து லிட்டர் கேனிலிருந்து நிரப்புகிறோம். உள்ளே இருப்பது சாதாரண ஷாம்பு. விருந்தாளிகளுக்குச் சீயக்காய் வைத்தும் பார்த்தேன்: கண் எரிகிறது என்று ஒருவர், குளியலறையை மண்ணாக்கிவிட்டீர்கள் என்று இன்னொருவர்.

கிரீம்: ஈரமா, உலர்ந்ததா

இந்த ஒரு வருஷத்தில் நான் கற்ற உருப்படியான விதி இது. பொடியாகவோ முழு எண்ணெயாகவோ இருக்கிற இயற்கைப் பொருளைத் தைரியமாக வாங்கலாம். தண்ணீர் சேர்ந்த எதற்கும் கெடாமல் காக்கிற பதப்படுத்தி, அதாவது பிரிசர்வேட்டிவ், வேண்டும். தண்ணீர் இருக்கிற இடத்தில் பூஞ்சையும் பாக்டீரியாவும் வளரும், அவற்றுக்கு ஆர்கானிக் என்றால் இன்னும் கொண்டாட்டம்.

இதைப் பணம் கொடுத்துத்தான் கற்றேன். கண்காட்சி ஒன்றில் 'பிரிசர்வேட்டிவ் இல்லாத கற்றாழை ஜெல்' வாங்கினேன். ரெண்டு வாரம் நன்றாக இருந்தது. பிறகு ஒரு நாள் காலை முகத்தில் தடவியதும் சுருக்கென்றது, மறுநாள் தாடையோரம் பொரிப்பொரியாக எழுந்தது. டப்பாவை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் மூடியின் உள்பக்கம் கறுப்புப் புள்ளிகள். விற்றவர் ஏமாற்றவில்லை, சொன்னபடி பதப்படுத்தி போடவே இல்லை. ஃபிரிட்ஜில் வைத்து ஒரு வாரத்தில் தீர்க்க வேண்டிய பொருளை நான் குளியலறை ஜன்னலில் வைத்திருந்தேன். அதிலிருந்து லோஷன் பட்டியலில் சோடியம் பென்சோயேட், பீனாக்ஸி எத்தனால் மாதிரி பெயரைப் பார்த்தால் எனக்கு நிம்மதிதான்.

பனிவெடிப்புக்கு வீட்டிலேயே செய்வது தேன்மெழுகுக் களிம்பு. 20 கிராம் தேன்மெழுகு, 80 கிராம் நல்லெண்ணெய். கொதிநீர்ப் பாத்திரத்துக்குள் இன்னொரு கிண்ணம் வைத்து உருக்க வேண்டும். மெழுகு உருக 60 டிகிரிக்கு மேல் வேண்டும், நேரடித் தீ கூடாது. சின்ன டப்பாக்களில் ஊற்றி ஆறவிட்டால் முடிந்தது. ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லாததால் மாதக்கணக்கில் கெடாது. செய்ய நேரமில்லாதவர்களுக்கு நீலகிரியில் கோத்தகிரிப் பக்கம் பழங்குடியினர் எடுத்த தேன்மெழுகில் செய்த களிம்புகளும் சோப்புகளும் கிடைக்கின்றன. ஆனால் நேர்மையாகச் சொன்னால், பித்தவெடிப்பு ரத்தம் வருகிற அளவுக்குப் போனால் மருந்துக்கடை பெட்ரோலியம் ஜெல்லி அளவுக்கு இந்தக் களிம்பு ஈரத்தைப் பிடித்து வைப்பதில்லை. அது பெட்ரோலியச் சரக்குதான். அத்தையின் குதிகாலுக்கு ராத்திரியில் அதைத் தடவி சாக்ஸ் போட்டுவிடுகிறோம்.

மாற்றக் கூடாதவை

சன்ஸ்கிரீன் முதலாவது. குளிர் ஊரில் வெயில் உறைக்காது, அதனால் வெயிலே இல்லை என்று நினைக்கிறோம். ஆயிரம் மீட்டர் ஏறினால் புறஊதாக் கதிர் சுமார் 10 சதவீதம் கூடும். கொடைக்கானல் ரெண்டாயிரம் மீட்டருக்கு மேலே. மெல்லிய மேகம் அதைப் பெரிதாகத் தடுக்காது. கேரட் விதை எண்ணெய், தேங்காய் எண்ணெய் எல்லாம் சன்ஸ்கிரீன் வேலை செய்யும் என்று வருகிற செய்திகளை நம்பி மலையேறாதீர்கள். கதிரைத் தடுக்கிற ரசாயனம் சேர்த்த சன்ஸ்கிரீன் பிடிக்காவிட்டால் துத்தநாக ஆக்ஸைடு உள்ளதை வாங்கலாம். முகத்தில் எலுமிச்சைச் சாறு தேய்த்துக்கொண்டு வெயிலில் போனால் தோல் வெந்து கறுக்கும், அதுவும் இயற்கைதான்.

பற்பசையும் அப்படியே. ஃபுளோரைடு உள்ளதை விடவில்லை. வேப்பங்குச்சி ஆசைப்பட்டாலும் இந்த உயரத்தில் வேம்பு எங்கே வளர்கிறது?

தைலங்கள் பற்றி ஒரு எச்சரிக்கை, சுற்றுலா வருகிறவர்கள் பை நிறைய வாங்கிப் போவதால். தைலமரமே ஆஸ்திரேலியாவிலிருந்து வந்து நம் புல்வெளிகளைப் பிடித்துக்கொண்டது என்பது தனிக் கதை. அந்த யூகலிப்டஸ் தைலம் சில மில்லி குழந்தை வயிற்றுக்குள் போனாலே வலிப்பு வரலாம். விண்டர்கிரீன் தைலம் இன்னும் மோசம்: ஒரு டீஸ்பூன், இருபதுக்கும் மேற்பட்ட ஆஸ்பிரின் மாத்திரைக்குச் சமம். மூட்டுவலிக்குத் தேய்க்கலாம், அலமாரியின் மேல்தட்டில் வைக்கலாம். கைசோப்பு செய்கிறேன் என்று கணக்கில்லாமல் ஊற்றக் கூடாது.

'மூலிகைக் கறுப்பு மெஹந்தி' வெறும் மருதாணி அல்ல. மருதாணி செம்பட்டையாகத்தான் பிடிக்கும். பத்து நிமிஷத்தில் கரி மாதிரி கறுத்தால் பெரும்பாலும் உள்ளே பி.பி.டி. என்ற ரசாயனச் சாயம், தலையில் போட்டால் சிலருக்கு நெற்றியும் கண் இமையும் வீங்கும்.

பிறகு வெளுப்பாக்கும் கிரீம். சிலவற்றில் பாதரசம் கலந்திருக்கும். பாதரசம் என்ற சொல்லை இந்த ஊர்க்காரர்களிடம் சொல்லிப் பாருங்கள். அமெரிக்காவில் மூடிய தெர்மாமீட்டர் ஆலை 1980களில் இங்கே வந்து, உடைந்த கண்ணாடியும் பாதரசமும் பழைய இரும்புக் கடைக்குப் போனது வெளியே தெரிந்த பிறகு, 2001இல் மூடப்பட்டது. மண்ணைச் சுத்தம் செய்வது பற்றிய சண்டை அதற்குப் பிறகு பல வருஷம் நடந்தது. அப்படிப்பட்ட ஊரில், பெயர் தெரியாத ஆலையின் 'ஹெர்பல் நைட் கிரீமை' பெண்கள் காசு கொடுத்து வாங்கி முகத்தில் பூசுவதைப் பார்க்கும்போது வயிறு எரிகிறது. இந்தியாவின் 2020 அழகுப்பொருள் விதிகளின்படி, கண்ணுக்கானவை தவிர மற்றவற்றில் தற்செயலாகக் கலக்கிற பாதரசம்கூட பத்து லட்சத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. 2023இல் மலப்புரத்தில் சிறுநீரகப் பாதிப்போடு வந்தவர்களை விசாரித்த மருத்துவர்கள் போய் நின்ற இடம் இப்படிப்பட்ட கிரீம்கள்தான். தயாரிப்பாளர் முகவரி, உரிம எண், பொருட்பட்டியல் இல்லாத டப்பா, ஒரே வாரத்தில் முகம் பளிச்சென்று வெளுக்கிறது: இந்த ரெண்டும் சேர்ந்தால் எடுத்துப்போய்க் குப்பையில்கூட சும்மா போடாதீர்கள், கட்டித் தனியாக வையுங்கள்.

ஆர்கானிக் என்ற சொல்லுக்குக் காசு கொடுக்கலாமா

நான் கொடுப்பதில்லை. ஆர்கானிக் என்று காட்டுகிற அரசின் ஜெய்விக் பாரத் முத்திரை உணவுப் பொருளுக்கானது, ஷாம்பு பாட்டிலில் அதைத் தேடிப் பயனில்லை. உறையில் இருக்கிற பச்சைப் புள்ளி, அசைவப் பொருள் இல்லை என்பதை மட்டும் சொல்கிறது. காஸ்மோஸ், ஈகோசர்ட் மாதிரி வெளிநாட்டுச் சான்று இருந்தால் ஒருவர் வந்து சோதித்திருக்கிறார் என்று அர்த்தம், அதற்கான கூடுதல் விலையில் நியாயம் உண்டு. வெறுமனே இலை படமும் பழுப்புக் காகிதமும் என்றால் காகிதத்துக்குத்தான் காசு.

இப்போதைக்கு எங்கள் குளியலறையில் இருப்பது: அத்தைக்கும் எனக்கும் சீயக்காய், கைசோப்புத் துண்டு. கணவருக்குச் சோப்பில்லாக் கட்டி. மகளுக்கு அவள் வாங்கிவருகிற ஷாம்பு, லீவில் வந்தால் மட்டும் வெள்ளிக்கிழமை சீயக்காய். எல்லோருக்கும் கடை சன்ஸ்கிரீன், கடைப் பற்பசை, வீட்டுக் களிம்பு. மாதச் செலவு முன்னைவிடக் கொஞ்சம் குறைந்திருக்கிறது. சாஷேவை நிறுத்தியதும் சோப்பைப் பாதியாக்கியதும்தான் அதற்குக் காரணம்.

அந்த 450 ரூபாய்க் கண்ணாடி டப்பா காலியாகிவிட்டது. அகல வாய், நல்ல மூடி. அறுத்த பாட்டிலைத் தூக்கிப் போட்டுவிட்டு அத்தை இப்போது அதில்தான் தேங்காய் எண்ணெய் வைத்திருக்கிறார்.